துருவைக் காட்டி விற்பதா, மறைத்து விற்பதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஊழியன், வயது 68. 1996ஆம் ஆண்டு மிட்சுபிஷி பஜேரோ 2.8 டீசல் வண்டி ஒன்றை 23 ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். குவாலா மூடாவுக்கு மீன் வாங்கப் போனதும், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு மோர்ப் பானைகளை ஏற்றிச் சென்றதும் இந்த வண்டியில்தான். இப்போது முழங்கால் வலியால் அந்த உயரத்துக்கு ஏறி உட்கார முடியவில்லை. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆனால் பின்சக்கர வளைவுகளிலும் அடியிலும் துரு ஏறிவிட்டது. ஓட்டைகளைப் புட்டிப் பசை வைத்து அடைத்து, அடிப்பாகம் முழுவதும் கறுப்புத் தார் அடித்தால் நல்ல விலைக்குப் போகும் என்கிறார் ஒரு பட்டறைக்காரர். வண்டியை உடைக்கும் கடைக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறான் மகன். இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, இரண்டையும் செய்ய வேண்டாம். தார் அடிக்கும் யோசனையை முதலில் கைவிடுங்கள். இத்தனை வயதான வண்டிக்கு வங்கிகள் பொதுவாகத் தவணைக்கடன் தருவதில்லை என்பதால், கையில் ரொக்கத்தோடு, வண்டியின் நாடி தெரிந்தவர்கள்தாம் உங்களைத் தேடி வருவார்கள். அவர்கள் வெளிப் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்பே டார்ச் விளக்கோடு அடியில் படுத்துவிடுவார்கள். முப்பது வயது வண்டியின் அடியில் பளபளக்கும் புதுத் தாரைக் கண்டால், உள்ளே இருப்பதைவிட இரண்டு மடங்கு துரு இருப்பதாகவே கணக்குப் போட்டு விலையைக் குறைப்பார்கள்.

இதை என் சொந்த இழப்பிலிருந்து சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் அப்படிக் கறுப்படித்த பழைய ஜீப் ஒன்றை நம்பி வாங்கினேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள், உள்ளங்கை அகலத்துக்குத் தார் உரிந்து தொங்கியது. அதைப் பிடித்து இழுத்தபோது, பின்னாலேயே இரும்பு அடுக்கடுக்காக, நமத்துப்போன அப்பளம் போல் கையோடு வந்தது. பூச்சுக்கும் இரும்புக்கும் இடையில் சிக்கிய ஈரம், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வேலை செய்திருந்தது. துருவின் மேல் அடித்த தார், துருவை நிறுத்துவதில்லை, வளர்க்கிறது. விற்றவர் அதை அறிந்தே செய்தார் என்பதுதான் இன்றும் எனக்கு ஆறாத வருத்தம்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்தத் துரு என்பதை இனிப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தத் தலைமுறைப் பஜேரோவில் உடற்கூடு தனி, அதைத் தாங்கும் சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம் தனி. பின்சக்கர வளைவிலும் கதவின் கீழ் விளிம்பிலும் தெரிவது மெல்லிய தகட்டின் துரு; பார்க்க அசிங்கமாக இருந்தாலும் வண்டியின் உயிருக்கு அதனால் பெரும்பாலும் ஆபத்தில்லை. அடிச்சட்டத்தின் துரு அப்படிப்பட்டதன்று. அந்தச் சட்டங்கள் உள்ளே வெற்றிடமாக இருக்கும் பெட்டி வடிவ இரும்புகள்; கடற்கரை மணலும் சேறும் அவற்றுக்குள் புகுந்து, நீர் வடியும் துளைகளை அடைத்துவிடும். அதோடு சேர்ந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், வெயில் காய்ந்த நாளிலும் உட்புறம் முழுதாக உலர்வதில்லை. அதனால்தான் வெளியில் திடமாகத் தெரியும் சட்டம், உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வருகிறது.

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி, ஒரு நாள் உலரவிட்டு, வண்டியைப் பட்டறையின் தூக்கியில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரையும் அடியில் படுக்க விடாதீர்கள். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் சட்டத்தின் நீளம் முழுவதும் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். அரித்த இடம் அட்டையைத் தட்டியதுபோல் மொத்தென்று கேட்கும். பின்அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் பகுதியிலும், உடற்கூடு சட்டத்தோடு சேரும் இடங்களிலும் பொறுமையாகத் தட்ட வேண்டும். மொத்தென்று கேட்ட இடத்தில் முனையை வைத்து அழுத்தினால், உண்மை உடனே தெரிந்துவிடும்.

சேசிஸ் எண் பொறித்த இடத்தையும் அன்றே பார்த்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு முந்திய பரிசோதனையில் அந்த எண்ணையும் எஞ்சின் எண்ணையும் உரிமைப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எண் துருவில் மங்கியிருந்தால் எண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைக்கலாமே தவிர, கிரைண்டரால் தேய்க்கவோ, மீண்டும் பொறிக்கவோ கூடாது. அது பெரும் சிக்கலில் கொண்டுபோய் விடும். அப்போதும் படிக்க முடியவில்லை என்றால், வாங்குபவரைத் தேடுவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் போய்க் கேட்பதே முறை.

அடிச்சட்டத்தில் ஓட்டை விழுந்திருந்தால், அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று வெல்டிங் தெரிந்த ஒருவரிடம் மதிப்பீடு எழுதி வாங்குங்கள். வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். வாங்குபவர் தம் கண் முன்னால், தமக்குப் பழகிய ஆளைக் கொண்டு செய்வதையே விரும்புவார். ஒரே மாதிரி வண்டிகள் இப்போது என்ன விலைக்குக் கேட்கப்படுகின்றன என்று நாலைந்து விளம்பரங்களைப் பார்த்து, அந்த மதிப்பீட்டைக் கழித்தால் உங்கள் விலை கிடைத்துவிடும். வந்தவர் அதே துருவைக் காட்டி இன்னொரு முறை குறைக்கச் சொன்னால், கழித்தாகிவிட்டது என்று அந்தத் தாளைக் காட்டலாம்.

துருவை மறைப்பது வெறும் மனச்சாட்சிப் பிரச்சினை மட்டுமன்று. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை மோசடியின் வகைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அப்படி நடந்த விற்பனையை, ஏமாந்தவர் 19ஆவது பிரிவின்படி ரத்துசெய்யக் கோரலாம். ஆகவே துருவை அருகிலிருந்து படமெடுத்து, விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். வெறுமனே விசாரித்து நேரத்தை வீணாக்குபவர்கள் அதோடு விலகிக்கொள்வார்கள். வண்டியை உண்மையாகவே வேண்டுபவர் மட்டும் வருவார்.

நல்லதையும் அதே தெளிவோடு சொல்லுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது 4எம்40 எஞ்சின் என்றால், அதில் டைமிங் பெல்ட் இல்லை, சங்கிலிதான் என்பதைக் குறிப்பிடலாம். பலர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். பழைய சர்வீஸ் ரசீதுகள் இருந்தால் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். ஆள் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த நிலையில் அவர் கையாலேயே முடுக்கட்டும். நான்கு சக்கர இயக்க நெம்புகோல் மாதக்கணக்கில் அசையாமல் இருந்திருக்கும் என்பதால், மண் தரையில் மெல்ல ஓட்டி ஒவ்வொரு நிலையும் விழுகிறதா என்று முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

யாருக்கு விற்பது? 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்த பிறகு, அன்றாடம் நகரத்தில் ஓட்டுவதற்காக இப்படி ஒரு வண்டியை வாங்குபவர் குறைந்துபோனார். பினாங்குத் தீவில் உள்ள பாலிக் புலாவின் செங்குத்தான டுரியான் தோட்டங்களில் பழங்களை இறக்கவும் உரத்தை ஏற்றவும் இன்றும் பழைய ஃபோர் வீல் வண்டிகள்தாம் உழைக்கின்றன. பழம் விழத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அங்கே சொல்லி வைப்பது நல்லது. தகட்டுத் துருவைத் தோட்டக்காரர் பொருட்படுத்த மாட்டார். ஆனால் சுமையோடு மலையில் இறங்கும் வண்டிக்கு அடிச்சட்டம் உறுதியாக இருந்தே ஆக வேண்டும். உங்கள் சட்டம் அரித்திருந்தால், எவ்வளவு விலை சொன்னாலும் அந்த வேலைக்குக் கொடுக்காதீர்கள். உயிர் போகும் விஷயம் அது. அப்போது வண்டியை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஆர்வலர் ஒருவரையோ, எஞ்சினுக்காகவும் கியர் பெட்டிக்காகவும் வாங்கும் இன்னொரு பஜேரோ உரிமையாளரையோ தேடலாம். உடைக்கும் கடை கடைசி வழியாகவே இருக்கட்டும்.

பணம் முழுதாகக் கைக்கு வந்து, இலாகாவில் இருவரும் கைரேகை வைத்துப் பெயர் மாறிய பிறகே சாவியைக் கொடுங்கள். நிலுவைப் போக்குவரத்துச் சம்மன்கள் இருந்தால் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். புதியவர் தம் பெயரில் காப்புறுதி எடுக்க வேண்டும். உங்கள் காப்புறுதியில் சேர்ந்திருக்கும், தனியார் காருக்கு 55 விழுக்காடு வரை எட்டக்கூடிய இழப்பீடு கோராமைக் கழிவு (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களோடுதான் வரும், வண்டியோடு போகாது.

கேள்வி: நானும் ஒரு பழைய ஃபோர் வீல் வண்டியை வியாபாரியிடம் விற்றேன். நான்கு மாதம் கழித்தும் சம்மன் என் பெயருக்கே வருகிறது. – ஆயர் ஈத்தாம் வாசகி

பதில்: அம்மா, வண்டி இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. விற்பனை ரசீதையும், வண்டியைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தையும் எடுத்துக்கொண்டு அந்த வியாபாரியிடம் போய், பெயரை மாற்றுவதற்கான நாளைக் கடிதமாக எழுதி வாங்குங்கள். மறுத்தால், அதே தாள்களோடு போலீஸ் புகார் ஒன்றைப் பதிவுசெய்துவிட்டு இலாகாவுக்குப் போங்கள். வண்டி எந்த நாளில் உங்கள் கையை விட்டுப் போனது என்பதற்கு எழுத்துச் சான்று இருப்பது முக்கியம்.

கேள்வி: துருப்பிடித்த என் லேண்ட் ரோவரை விற்கப்போகிறேன், என் தந்தை வாங்கிய எண்ணை மட்டும் என்னோடு வைத்துக்கொள்ள முடியுமா? – கோலாலம்பூர், செந்தூல் வாசகர்

பதில்: முடியும். வண்டி உங்கள் பெயரில் இருக்கும்போதே, அந்த எண்ணை உங்களுடைய இன்னொரு வாகனத்துக்கு மாற்ற இலாகாவிடம் விண்ணப்பியுங்கள். லேண்ட் ரோவருக்கு வேறு எண் பதிவாகும். அதன் பிறகே விற்பனையைத் தொடங்குங்கள். பெயர் மாறிவிட்டால் எண்ணும் வண்டியோடு போய்விடும்.