வங்கி திவாலானால் என் ஃபிக்ஸட் டெபாசிட் என்னவாகும்?

சிங்கப்பூரில் இதற்கு வைப்புத்தொகைக் காப்புறுதி இருக்கிறது. பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது. நீங்கள் தனியாகப் பதிய வேண்டாம். வரம்பு 2024 ஏப்ரல் முதல் 100,000 வெள்ளி, முன்பு 75,000.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வரம்பு கணக்குக்கு அல்ல, ஒரு வங்கியில் ஒருவருக்கு. ஒரே வங்கியில் சேமிப்பில் 60,000, ஃபிக்ஸட் டெபாசிட்டில் 70,000 என்றால் இரண்டையும் கூட்டி 130,000 என்றே பார்ப்பார்கள். மிச்ச 30,000க்கு வங்கியின் சொத்துகளை விற்றுத் தீர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். முழுதாக வருமென்ற உறுதியும் இல்லை. கூட்டுக் கணக்கைச் சமமாகப் பிரித்து அவரவர் பங்கில் சேர்ப்பார்கள்.

அப்புறம், வட்டி கூட என்று அமெரிக்க டாலரில் போட்டவர்கள் கவனிக்க: வெளிநாட்டு நாணய வைப்புக்கு இந்தக் காப்பு கிடையாது. வங்கி கவுன்டரிலேயே வாங்கினாலும் யூனிட் டிரஸ்டுக்கும் (பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் நிதி) கிடையாது.