மகள் இஸ்லாமியக் கற்கை எடுக்கிறாள், என்ன சொல்ல?

கேள்வி: மகள் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். துணைப்பாடமாக இஸ்லாமியக் கற்கை எடுக்கப்போகிறாளாம். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். ஊரில் முஸ்லிம்களோடு நன்றாகத்தான் பழகினோம். ஆனாலும் இதைப் படித்து என்ன பிரயோசனம்? மதம் மாறிவிடுவாளோ என்று மனைவி பயப்படுகிறார். என்ன சொல்லி மறிப்பது?
- ஒரு தகப்பன், மொன்றியல்

பதில்: மறிக்காதீர்கள் ஐயா. நல்ல படிப்பு, அதற்கு நல்ல இடமும் கிடைத்திருக்கிறது.

உங்கள் மனைவிக்கு முதலில் ஒன்று சொல்லுங்கள். அங்கே நடப்பது சமய போதனை இல்லை. வரலாறு, சட்டம், தத்துவம், இலக்கியம் என்றுதான் படிப்பிக்கிறார்கள். மக்கிலின் இஸ்லாமியக் கற்கை நிறுவகத்தை 1952இல் தொடங்கிய வில்பிரட் கான்ட்வெல் சிமித் ஒரு கிறிஸ்தவப் போதகர். முன்பு லாகூரில் படிப்பித்தவர். முஸ்லிம்களும் மற்றவர்களும் ஒன்றாக இருந்து படிக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றார். கடைசிவரை அவர் கிறிஸ்தவராகவே இருந்தார்.

வேலையைப் பற்றிய கவலையும் வேண்டாம். வேலைக்குக் கணினி இருக்கிறது. துணைப்பாடம் மொத்தம் 18 கிரெடிட்தான்.

எனக்குள்ள கவலை வேறு. இந்தத் துணைப்பாடத்தை எடுக்கும் பிள்ளைகள் பலர் அறிமுக வகுப்புகளாகவே பொறுக்கி எடுத்து, எதிலும் ஆழம் போகாமல் முடித்துவிடுகிறார்கள். மகள் ஒரு மொழியையும் ஒரு பிரதேசத்தையும் பிடித்துக்கொள்ளட்டும். அங்கே அரபு, பாரசீகம், துருக்கி, உருது எல்லாம் படிக்கலாம். உலக முஸ்லிம்களில் பெரும்பாலானோர் அரபிகள் இல்லை, ஆகவே அரபுதான் என்ற கட்டாயமும் இல்லை.

அப்புறம் தமிழ். அவளுக்குத் தமிழ் வாசிக்க வருமென்றால், வகுப்பில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு மூலதனம் அவள் கையில் இருக்கிறது. வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் பாடிய ஆயிரமசாலா என்ற இஸ்லாமியத் தமிழ்க் காப்பியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இப்னு சலாம் என்ற யூத அறிஞர் நபிகள் நாயகத்திடம் சொர்க்கம், நரகம், படைப்பு என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறார். பதில்கள் மனத்துக்குப் பட்டதும் இஸ்லாத்தைத் தழுவுகிறார். இதே கதை அரபியிலிருந்து 12ஆம் நூற்றாண்டிலேயே இலத்தீனுக்குப் போயிருக்கிறது. பாரசீகம், மலாய், ஜாவா மொழிகளிலும் இருக்கிறது. ஒவ்வொரு ஊரும் தனக்கு வேண்டிய கேள்விகளைச் சேர்த்து, வேண்டாததை விட்டிருக்கிறது. ஒரு தவணைக் கட்டுரைக்கு இதைவிட நல்ல விஷயம் எனக்குத் தோன்றவில்லை. அல்லது உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் நாட்டுப்படலத்தை மட்டும் வாசிக்கட்டும். அரபு நாட்டில் மழை பெய்து, ஆறு பெருகி, வயலில் நாற்று நடுகிறார்கள். கம்பனைப் படித்த ஒரு முஸ்லிம் புலவர் தன் நபியின் நாட்டை அப்படித்தான் பாடியாகவேண்டும் என்று நினைத்திருக்கிறார். இஸ்லாம் ஒரு நாட்டுக்குள் போய் எப்படி அந்த நாட்டுக்காரனாகிறது என்பதை இதில் கண்ணால் பார்க்கலாம்.

நன்றாகத்தான் பழகினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கு மேற்பட்டவர்கள் துரத்தப்பட்டார்கள். பலர் புத்தளத்தில் ஆண்டுக்கணக்காக முகாம்களில் கிடந்தார்கள். முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவில் அன்று என்ன நடந்தது, அதற்கு முன் அந்தத் தெரு எப்படி இருந்தது, நம்முடைய சனம் ஏன் வாய் திறக்கவில்லை என்றெல்லாம் மகள் உங்களிடம் கேட்பாள். கேட்கவேண்டும். நாங்கள் பட்டதை எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறோம், இதைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. நீங்கள் கண்டது, கேட்டது, பயத்தில் பேசாமல் இருந்தது எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லுங்கள். முஸ்லிம் நண்பர்கள் யாரோடாவது இன்னும் தொடர்பு இருந்தால் அவர்களோடும் பேசவிடுங்கள்.

சரி, செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கணினி விஞ்ஞானம் எந்தப் பீடத்தில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து விதிகள் மாறலாம். பாடம் மாற்றும் கெடு முடிவதற்குள் ஆலோசகரைப் பார்த்து, இந்தத் துணைப்பாடத்தைத் தன் பட்டத்தோடு சேர்க்கமுடியுமா, மொழி வகுப்பின் கிரெடிட்டும் அதற்குள் வருமா என்று அவள் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.