முதியோர் இல்லங்களில் டிமென்ஷியா உள்ளவர்களின் பதற்றத்தை இதமான ஒலி எப்படித் தணிக்கிறது?

டிமென்ஷியா என்பது நினைவு, யோசனை, இட நேர உணர்வு எல்லாம் மெல்லக் குலையும் மூளைப் பாதிப்பு. காதில் விழும் பத்துச் சத்தங்களில் எது வேண்டும், எதை விடலாம் என்று பிரிப்பதும் கடினமாகிவிடும். கோயம்பேட்டில் தன் பஸ் எதுவென்று தெரியாமல் கூட்டத்தில் நிற்பவரின் தவிப்புதான் அது. சாயங்காலம் டிவி சீரியல் அலற, பாத்திரம் உருள, சிலர் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள்.

ஆகவே முதலில் டிவியை அணையுங்கள். அப்புறம் அவருக்குப் பழகிய பாட்டை மெதுவாக வையுங்கள். இளவயதில் கேட்ட இசை பலருக்கு மற்ற நினைவுகளைவிட நெடுநாள் தங்கும். நடுவில் விளம்பரம் கத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதைப் பலரும் கவனிப்பதில்லை. காது மெஷின் போடுபவர் என்றால், அதைப் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

கடலலைச் சத்தம் எல்லாருக்கும் இதம் என்பார்கள். பட்டினப்பாக்கத்தில் வளர்ந்தவருக்கு அது தாலாட்டாக இருக்கலாம், 2004 சுனாமியில் ஓடியவருக்கு அதுவே பயம். குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டு வைப்பதே நல்லது.

பாட்டு வைத்தால் நோய் குணமாகும் என்று நினைக்க வேண்டாம், பதற்றம் குறையலாம், அவ்வளவுதான். பதற்றம் திடீரென்று கூடினால் வலியோ சிறுநீர்த் தொற்றோ காரணமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.