கேள்வி-பதில்: திறந்த காரில் தினமும் வேலைக்குப் போகலாமா?

ஏப்ரலில் இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், பிரிட்டனில் இருக்கிற நம் ஆட்களுக்குக் கூரை திறக்கிற கார் மேல் ஆசை வந்துவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாஸ்டா எம்எக்ஸ்-5 பற்றியவை. வழக்கம்போல் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஹாரோவிலிருந்து வாட்ஃபோர்டுக்கு தினமும் வேலைக்குப் போகிறேன். தனி ஆள், ஆறடிக்கு மேல் உயரம். 2019 மாடல் எம்எக்ஸ்-5 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 1.5 லிட்டர் என்ஜின் போதுமா, 2.0 வேண்டுமா? தினசரிக்கு உண்மையிலேயே சரிப்படுமா அக்கா?

பதில்: தனி ஆள் என்பதால் சரிப்படும். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் முதல் கார் வந்ததிலிருந்து இதன் கணக்கு மாறவே இல்லை: இரண்டு சீட், குறைந்த எடை, என்ஜின் முன்னால், தள்ளுவது பின் சக்கரம். 2015-இல் வந்த இப்போதைய தலைமுறையும் ஏறக்குறைய ஒரு டன்தான். அந்த எடைக்கு 1.5-இன் 130 சொச்சம் குதிரைத்திறன் ஊருக்குள் தாராளம். கியரை அடிக்கடி மாற்றி என்ஜினை நன்றாக ஓடவிட்டு ஓட்ட வேண்டும், இந்தக் காரின் சுகமே அதில்தான். 2.0-ஐ 2018-இல் 184 குதிரைத்திறனுக்கு உயர்த்தினார்கள். மோட்டர்வேயில் லாரிகளுக்கு நடுவே புகும்போது அது நிம்மதி. இரண்டுக்கும் இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தினசரிக்கு என்று கேட்டதால் மற்றதையும் சொல்கிறேன். துணிக்கூரையை மூடிக்கொண்டு 70 மைல் வேகத்தில் போனால், ஊரில் இருக்கிற அம்மாவோடு ஸ்பீக்கரில் பேச முடியாது. பக்கத்தில் போகிற லாரியின் டயர் உங்கள் காது மட்டத்தில் இரைந்துகொண்டே வரும். பூட் 130 லிட்டர். 20 கிலோ அரிசி மூட்டை போகும், ஆனால் வாரச் சாமானில் மீதி எல்லாம் பக்கத்து சீட்டில்தான். டேஷ்போர்டில் கிளவ் பாக்ஸ் கிடையாது. பூட்டி வைக்கிற பெட்டி இரண்டு சீட்டுக்கும் நடுவில் பின்னால் இருக்கிறது, ஓட்டிக்கொண்டே அதில் கைவிட்டு எதையும் தேட முடியாது. ஸ்பேர் வீலும் இல்லை, பஞ்சர் கிட் மட்டும். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் அந்த கிட் எதற்கும் உதவாது, ரெக்கவரி வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். பனிக்காலத்தில் சாதாரண கோடைக்கால டயரோடு பின் சக்கரம் வழுக்கும், ஆல்-சீசன் டயருக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள்.

உயரம் என்றீர்களே, ஸ்டீயரிங்கை முன்னே பின்னே இழுக்கிற வசதி 2018 மாற்றத்தோடுதான் வந்தது, அதற்கு முந்தையதில் மேலே கீழே மட்டும். நீங்கள் பார்த்திருப்பதில் அது இருக்கிறதா என்று கையால் இழுத்தே பாருங்கள். டெஸ்ட் டிரைவுக்கு எல்லோரும் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். நீங்கள் மூடிக்கொண்டு போங்கள். வருஷத்தில் பெரும்பகுதி அப்படித்தான் ஓட்டப் போகிறீர்கள்.

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை வயதில் மகள். வீட்டில் ஒரே கார்தான். அதைக் கொடுத்துவிட்டு எம்எக்ஸ்-5 எடுக்க வேண்டும் என்று கணவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். நீங்களாவது சொல்லுங்கள்.

பதில்: சீட் இரண்டு, நீங்கள் மூன்று பேர்.

கேள்வி: இல்ஃபோர்டில் இருக்கிறேன். 1999 எம்எக்ஸ்-5 ஒன்றை 1,900 பவுண்டுக்கு ஒருவரிடம் நேரடியாக வாங்கினேன். நல்ல மலிவு. இப்போது பார்த்தால் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு யூலெஸ் கட்டணம் (புகை அதிகம் விடுகிற வண்டிகளுக்கு லண்டனில் வாங்குவது) என்கிறார்கள். விற்றவர் வாயே திறக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: நீங்கள் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. தனிநபர் விற்கும்போது பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். நீங்கள் கேட்காததை எல்லாம் அவராக எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களிலும் (நகராட்சிப் பகுதிகளிலும்) யூலெஸ் நடப்பில் இருக்கிறது, செய்தியில் அடிபடாத நாள் இல்லை. பெட்ரோல் கார் என்றால் யூரோ 4 என்ற புகைத் தரம் வேண்டும், பொதுவாக 2006-இலிருந்து பதிவான கார்கள் தேறிவிடும், அதற்கு முந்தையவற்றில் சில தேறும், பல தேறாது. லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல் தளத்தில் நம்பர் பிளேட்டை அடித்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். வாரம் ஐந்து நாள் வேலைக்கு ஓட்டினால் மாதம் 250 பவுண்டு, எட்டு மாதத்தில் காரின் விலையைத் தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள், கிறிஸ்துமஸ் தவிர எல்லா நாளும் கட்டணம் உண்டு. கட்டாமல் விட்டால் அபராதம் 180 பவுண்டு. லண்டனுக்கு வெளியே விளம்பரம் போட்டு விற்றுவிடுங்கள்.

கேள்வி: லெஸ்டரில் ஒரு டீலரிடம் 2004 எம்எக்ஸ்-5 எடுத்தேன், 3,200 பவுண்டு. "அடிப்பாகம் புதிதாக அண்டர்சீல் செய்தது, துரு இல்லை" என்று விளம்பரத்தில் இருந்தது (அண்டர்சீல் என்றால் துருப் பிடிக்காமல் அடியில் அடிக்கிற கறுப்புப் பூச்சு). ஐந்தாவது வாரம் வேறொரு கராஜில் தூக்கிப் பார்த்தால் இரண்டு பக்கச் சில்லும் (கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிற தகடு) இற்றுப்போய் இருக்கிறது, முன் சேஸியில் விரல் போகிற ஓட்டை. டீலர் ரசீதில் "பார்த்தபடி விற்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறார், கையை விரிக்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், இரண்டும் வேறு. அந்த ரசீது வரியைப் பார்த்து மனம் தளராதீர்கள். வியாபாரி ஒருவர் வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவருக்கு விற்கும்போது அப்படி எழுதித் தப்பிக்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருவதில்லை. இருபது வயதுக் காரில் துரு இருக்கத்தான் செய்யும் என்று அவர் வாதாடுவார், வயதும் விலையும் கணக்கில் வரும் என்பதும் உண்மைதான். ஆனால் "துரு இல்லை" என்று எழுதியது அவர். சொன்னதற்கு ஏற்றபடி பொருள் இல்லை, அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா? இல்லையென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

முதல் 30 நாளுக்குள் என்றால் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்டிருக்கலாம், அது தாண்டிவிட்டது. ஆனால் ஆறு மாதத்துக்குள் வெளிப்படுகிற குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டும். அது சரிவரவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம், ஓட்டியதற்கு ஒரு தொகை கழிப்பார்கள். அதற்குள் நீங்களே வெல்டிங் செய்துவிடாதீர்கள், சாட்சியே போய்விடும். கராஜிலிருந்து படத்தோடு எழுத்தில் அறிக்கை வாங்கி மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் பேசாதீர்கள். முன்பணத்தை மட்டுமாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி வங்கியிடமும் முழுத் தொகைக்கும் உரிமை கோரலாம்.

இனி அந்தக் கறுப்புப் பூச்சு பற்றி. எனக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. பழைய எம்எக்ஸ்-5 எங்கே சாகும் என்பது மெக்கானிக்குகளுக்குத் தெரியும்: பின் சக்கரத்துக்கு முன்னால் சில்லின் கடைசிப் பகுதி, அப்புறம் உங்களுடையது போன்ற இரண்டாம் தலைமுறையில் முன் சேஸி. அங்கே தகடு இரட்டையாக இருக்கும், குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பும் ஈரமும் இடையில் தங்கி உள்ளிருந்து அரிக்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். இதன் மேல் தார் மாதிரிப் பூச்சை ஸ்பிரே அடித்தால் என்ன ஆகும்? ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், கண்ணுக்கு மட்டும் எல்லாம் புத்தம் புதிதாகப் பளபளக்கும். எம்ஓடி என்ற வருடாந்தரக் கட்டாயச் சோதனை செய்கிறவர் எதையும் கழற்றவோ அந்தப் பூச்சைச் சுரண்டி எடுக்கவோ முடியாது, பார்த்து, லேசாகத் தட்டிப் பார்ப்பதோடு சரி. எம்ஓடி தேறிவிட்டது என்பதை வைத்து நீங்கள் நம்பியதில் தப்பே இல்லை, அதை நம்பவைக்கத்தான் அந்தப் பூச்சு.

பதிவெண் அனுப்பியிருந்தீர்கள், அரசுத் தளத்தில் எம்ஓடி வரலாற்றைப் பார்த்தேன், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு வருஷம் இரண்டு சில்லிலும் துரு என்று எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் அந்த வரியே இல்லை. துரு தானாக ஆறிவிடுகிற புண்ணா? வெல்டிங் பில் கேளுங்கள், இருக்காது. இந்த இரண்டு பக்கங்களையும் அச்செடுத்து மின்னஞ்சலோடு இணையுங்கள். ஒழுங்காகப் பாதுகாக்கிறவர்கள் துருவைச் சுரண்டி எடுத்து, தகடு தெரிகிற மெழுகைப் பூசி, உட்குழிவுகளிலும் மெழுகை ஏற்றுவார்கள், அதற்குப் படமும் எடுத்து வைப்பார்கள். படமில்லாத புதுக் கறுப்பைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். டீலர் மசியவில்லை என்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு வழியாக, வியாபாரிகளைக் கண்காணிக்கிற டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் புகார், அப்புறம் சிறு வழக்கு நீதிமன்றம், அங்கே 10,000 பவுண்டு வரை போகலாம். என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் நனைகிறது. கூரைத் துணியில் ஓட்டை எதுவும் இல்லை. 2001 மாடல்.

பதில்: கூரையில் விழுகிற தண்ணீர் இறங்கிப் போக, சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் வடிகால் துளைகள் இருக்கின்றன. இலை, மண், பாசி சேர்ந்து அடைத்திருக்கும். புல்வெட்டி இயந்திரத்தின் நைலான் நூல் மாதிரி வளைகிற எதையாவது விட்டுக் குத்துங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், குழாய் கிழிந்துவிடும். பிறகு ஒரு கப் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், காருக்கு அடியில் பின் சக்கரத்துக்கு முன்னால் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் அந்தத் தண்ணீர் சில்லுக்குள்தான் நிற்கிறது. மேலே லெஸ்டர்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி: இரண்டு வருட நீட்டிப்பு வாரன்டி 600 பவுண்டு. எடுக்கலாமா?

பதில்: கூரையும் அதன் மோட்டாரும் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். பழைய காருக்கு நானும் இப்படி ஒன்று கட்டியிருந்தேன், கூரை பாதியில் நின்று மழையில் நனைந்தபடி போன் செய்தால் "தேய்மானம்" என்ற ஒரே சொல்லில் கை கழுவிவிட்டார்கள்.

கேள்வி: தெருவில்தான் பார்க்கிங். துணிக்கூரையைக் கத்தியால் கிழித்துவிடுவார்கள் என்று பயம். மடிகிற கெட்டிக்கூரை ஆர்எஃப் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். 13 நொடியில் மடியும், ஆனால் 10 கிலோமீட்டர் வேகத்துக்குள் போகும்போதுதான். பின்பக்கத் தூண்கள் நின்றுவிடுவதால் முழுசாகத் திறந்த கார் என்ற உணர்வு வராது, திறந்து ஓட்டினால் காதருகே காற்று துணிக்கூரைக் காரை விட அதிகமாக இரையும். துணிக்கூரை என்றால் ஒரு கொக்கியை விடுவித்து ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம், மோட்டாரும் இல்லை, பழுதும் இல்லை. எதை எடுத்தாலும் காருக்குள் சில்லறைகூட வெளியே தெரிகிற மாதிரி வைக்காதீர்கள். கவர் போட்டு மூடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மலிவு கவர் ஒன்றை வாங்கி ஒரு குளிர்காலம் மூடி வைத்தேன், எடுத்தபோது கூரை முழுக்கப் பச்சைப் பூஞ்சை.

கேள்வி: படத்தைப் பார்த்து ஆன்லைனிலேயே முழுப் பணமும் கட்டி வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கி 11 நாள். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது. உட்கார்ந்து பார்க்காமல் வாங்கியது என் தப்புத்தான், இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: ஒரு காருக்குள் உட்காராமலே வாங்குகிறவர்களை நான் என்ன சொல்ல. ஆனால் டீலரிடம், நேரில் போகாமலே வாங்கியிருந்தால் காரணமே சொல்லாமல் ரத்து செய்ய, கார் கைக்கு வந்ததிலிருந்து 14 நாள் இருக்கிறது. நிறைய ஓட்டியிருந்தால் மதிப்புக் குறைவுக்குக் கழிப்பார்கள், இனிமேல் எடுக்காதீர்கள். பத்தி வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்பதால் உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பினேன். ரத்து மின்னஞ்சலை அனுப்பிவிட்டீர்களா, இல்லையா?