மகளின் உதவித்தொகையும் மைத்துனர் கேட்கும் 8 லட்சமும்

கேள்வி: குடியாத்தத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். காட்பாடியில் பொறியியல் முடித்த என் மகள் அமெரிக்காவில் 2 ஆண்டு எம்.எஸ். படிக்கப் போகிறாள். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து, 11 சதவீத வட்டியில் 40 லட்சம் கல்விக்கடன் அனுமதியாகியிருக்கிறது. அங்கே போனதும் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் தரும் ஆசிரிய உதவியாளர் அல்லது ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்துவிடும் என்றும், அதனால் கடனில் மிச்சமாகும் 8 லட்சத்தைத் தன் தோல் தொழிலுக்குத் தர வேண்டும் என்றும் ஆம்பூரில் இருக்கும் மைத்துனர் கேட்கிறார். அதை எஸ்.ஐ.பி.யில் (மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணையாக முதலிடும் முறை) போடச் சொல்கிறார் ஒரு முகவர். என்ன செய்யலாம்?

பதில்: கல்விக்கடன் விதிகளை வங்கியில் விளக்கியிருப்பார்கள். கிடைக்குமா என்று தெரியாத வேலையின் பணத்தை இப்போதே வரவில் எழுதி, அதை நம்பி உறவினருக்கு வாக்குக் கொடுக்க முனைவதுதான் உங்களைக் கடனில் ஆழ்த்தும்.

சேர்க்கைக் கடிதத்தில் கட்டண விலக்கும் மாதத் தொகையும் எழுத்தில் இல்லையென்றால், முதல் பருவத்துக்கு உதவித்தொகை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி உதவியாளருக்கான பணம் பேராசிரியர் பெற்ற ஆய்வு நிதியிலிருந்து வருவதால், முனைவர் பட்ட மாணவர்களுக்கே பெரும்பாலும் முன்னுரிமை. ஆசிரிய உதவியாளர் இடங்களைத் துறை ஒதுக்குகிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு வைக்கும் பல்கலைக்கழகங்களும் பல. ஆகவே மகள் தம் துறையோடு நின்றுவிடாமல், முதலாண்டு வகுப்புகள் நிறைந்த கணிதம், புள்ளியியல் துறைகளுக்கும், காட்பாடியில் செய்த ப்ராஜெக்ட்டைக் குறிப்பிட்டுத் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரே மடலை நூறு பேருக்கு அனுப்புவது வீண். உதவித்தொகையை ஏற்க அங்கே பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன என்பதால், அதன்பின் யாரேனும் விலகிய இடம் உண்டா என்று கேட்பது பலன் தரலாம். விடைத்தாள் திருத்தும் மணிக்கூலி வேலை கைச்செலவுக்கு உதவுமே தவிர, பொதுவாகக் கட்டண விலக்கைத் தராது. மாணவர் விசாவில், வகுப்புகள் நடக்கும் காலத்தில், வளாக வேலைக்கு வாரம் 20 மணி நேரமே உச்ச வரம்பு.

இனி வட்டியைப் பாருங்கள். 40 லட்சத்தையும் முதலிலேயே எடுத்தால் 2 ஆண்டில் சுமார் 8.8 லட்சம், பருவத்துக்கு 10 லட்சமாக நான்கு தவணையில் எடுத்தால் சுமார் 5.5 லட்சம். மூன்றாம் பருவத்தில் கட்டண விலக்குடன் உதவித்தொகை கிடைத்தால், மீதித் தவணைகளில் பெரும்பகுதியை எடுக்கவே வேண்டாம். உதவித்தொகையின் உண்மையான லாபம் இதுதான். அதை மைத்துனருக்கு மாற்றிவிட்டால் உங்கள் 8 லட்சத்துக்கு ஆண்டுக்கு 88,000 ரூபாய் வட்டி ஏறும், கல்விக்கென்று வாங்கிய கடனை வேறு வழியில் செலவிட்ட ஒப்பந்த மீறலும் சேரும்.

எஸ்.ஐ.பி. யோசனையை நான் ஏற்கவே மாட்டேன். 11 சதவீதக் கடனை எடுத்துச் சந்தையில் போட்டால், வரி போக அதற்கு மேல் கிடைத்தால்தான் உங்களுக்கு ஒரு ரூபாயாவது மிஞ்சும். கிடைக்காத ஆண்டிலும் வங்கி வட்டியைக் குறைக்காது.

மைத்துனரின் தொழில் நன்றாக நடக்கிறது என்றால், 8 லட்சம், சிறு தொழில்களுக்கு அரசுத் திட்டத்தில் வங்கிகள் தரும் முத்ரா கடனின் வரம்புக்குள்தான் வருகிறது. தம் பெயரிலேயே அவர் விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்தில் நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வங்கியில், பல்கலைக்கழகக் கட்டணச் சீட்டு வந்த பிறகே ஒவ்வொரு தவணையையும் விடுவிக்கும்படி இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.