பெயிண்ட் செலவு யாருடையது?

கேள்வி: ஆறு ஆண்டுகளாகக் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்கிறோம். சுவர்கள் அழுக்கேறிவிட்டதால் பெயிண்ட் அடிப்பதற்கு ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாக வீட்டுக்காரர் கூறுகிறார். துருப்பிடித்த குழாய்களுக்கும் எங்களிடமே பணம் கேட்கிறார். இது முறைதானா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: முதலில் உங்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, பராமரிப்புப் பொறுப்புகளை இரு தரப்புக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாய்த் தடங்களையும் மின்கம்பிகளையும் தேவைப்படும்போது மாற்றுவது ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் மட்டுமே நிலைமை மாறும். ‘இங்கே எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள்’ என்ற வழக்கம் அதற்கு ஈடாகாது.

ஆனால் புழக்கத்தால் வரும் தேய்மானம் வேறு, நாம் செய்த சேதம் வேறு. வெயில் பட்டு நிறம் மங்கிய சுவருக்கும், நாற்காலியின் முதுகு உரசிக் கறுத்த தடத்துக்கும் நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. டிவி மாட்டுவதற்காகத் துளையிட்டு, பிறகு கழற்றும்போது காரை பெயர்ந்து விழுந்திருந்தால், அந்த இடத்தைப் பூசிக் கொடுப்பதுதான் நியாயம். அதற்காக வீடு முழுவதற்கும் பெயிண்ட் செலவை உங்கள் கணக்கில் எழுத முடியாது. பிடிக்கும் தொகைக்குக் கணக்கும் ரசீதும் கேளுங்கள்; நியாயமான பிடித்தம் போக மீதியை, நீங்கள் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அவர் திருப்பித் தர வேண்டும்.

துருப்பிடித்தவை திறந்து மூடும் குழாய்கள் என்றால், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், வீட்டுக்காரர் பக்கமே சட்டம் நிற்கிறது. சுவருக்குள் ஓடும் குழாய் அவருடைய பொறுப்பு. திறந்து மூடும் குழாயும் அதன் வாஷரும், ஸ்விட்சும், கதவுப் பூட்டும், ஜன்னல் கண்ணாடியும் குடியிருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியவை. உப்பு நீர் வரும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளில் குழாய்கள் சீக்கிரமே அரித்துப்போவதால், அந்தச் செலவைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்ளும்படி பேசிப்பார்க்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி: என் வீட்டு மாடியில் குடியிருப்பவர், குளியலறையில் நீர் கசிவதைச் சொல்லாமலேயே இருந்துவிட்டார். இப்போது கீழ்த்தளக் கூரையில் ஓதம் இறங்கியிருக்கிறது. நான் உள்ளே போய்ப் பார்க்கலாமா?
– வீட்டு உரிமையாளர், தாம்பரம்

பதில்: பார்க்கலாம். ஆனால் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்து மூலம் தெரிவித்துவிட்டுத்தான் போக வேண்டும். சாவி உங்களிடமும் ஒன்று இருக்கிறது என்பதற்காகத் திறந்துகொண்டு நுழையக் கூடாது. சேதத்தை இயன்றவரை விரைவாக உரிமையாளருக்குத் தெரிவிப்பது குடியிருப்பவரின் கடமை என்பதால், அவருடைய மௌனத்தால் அதிகமான சேதத்துக்கு நீங்கள் ஈடு கேட்க இடமுண்டு. உள்குழாய் உடைந்துதான் கசிகிறது என்றால் அதைச் சரிசெய்யும் செலவு உங்களுடையதே. அதைத் தள்ளிப்போடாதீர்கள்: நீங்கள் செய்ய மறுத்தால் குடியிருப்பவரே ஆள் வைத்துச் செய்துகொண்டு, எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மிகாமல், செலவைக் கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது.