கிறிஸ்தவ கோடை முகாமில் ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போகலாமா?

கேள்வி கேட்டவர் இரண்டு தயக்கங்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். தான் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. ஆலயத்துக்குத் தவறாமல் போகிறவரும் இல்லை. முதலாவது பெரிய தடையே இல்லை. இரண்டாவதைப் பற்றித்தான் புறப்படுவதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

நான் கற்பித்தது செக் குடியரசின் கிழக்கு ஓரத்தில், போலந்து, சுலோவாக்கியா எல்லைகளை ஒட்டிய பெஸ்கிடி மலைப்பகுதி முகாம்களில். ஆகவே என் பதில் அந்த நாட்டை வைத்துத்தான். 1989 வரை அங்கே பள்ளிகளில் ரஷ்ய மொழி கட்டாயம். கம்யூனிச ஆட்சி போனதும் எல்லோருக்கும் ஆங்கிலம் தேவைப்பட்டது, சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. ரஷ்ய மொழி ஆசிரியர்களே அவசர அவசரமாக ஆங்கிலம் படித்துக்கொண்டு வகுப்புக்குப் போன காலம் அது. அமெரிக்கச் சபைகளிலிருந்து இளைஞர் குழுக்கள் வந்து, உள்ளூர்ச் சபைகளோடு சேர்ந்து ஆங்கில முகாம்களை நடத்தத் தொடங்கியது அந்தச் சூழலில்தான். இன்று பள்ளியிலேயே நல்ல ஆங்கிலம் கிடைக்கிறது. இருந்தும் முகாம்கள் நிற்கவில்லை. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டவரோடு ஒரு வாரம் பேசிப் பழகும் வாய்ப்பு பள்ளியில் கிடைப்பதில்லையே.

ஐரோப்பாவிலேயே மத நம்பிக்கை மிகக் குறைவாக உள்ள நாடுகளில் செக் குடியரசும் ஒன்று. முகாமுக்கு வருகிற பிள்ளைகளில் பலர் ஆலயத்துக்குள் ஒரு முறைகூடக் கால் வைத்திருக்க மாட்டார்கள். ஆங்கிலத்தைக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள் என்று இந்த முகாம்களைப் பற்றி ஒரு குற்றச்சாட்டு உண்டு. சில இடங்களில் அது உண்மையும்கூட. விளம்பரத்தாளில் ஆங்கிலம், விளையாட்டு, மலையேற்றம் என்று மட்டும் போட்டுவிட்டு, பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகு மாலை நிகழ்ச்சியில் வேதாகமத்தைத் திறப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை, அந்த அழைப்பை மறுபடி ஏற்கவும் இல்லை. நேர்மையான முகாம் எது என்பதை விளம்பரத்தாளே காட்டிவிடும்: நடத்துவது எந்தச் சபை, காலையில் வகுப்பு, மாலையில் கிறிஸ்தவ நிகழ்ச்சி, அதில் கலந்துகொள்வது யார் விருப்பம் என்பதெல்லாம் பெற்றோர் கண்ணில் படும்படி அச்சிட்டிருப்பார்கள். விண்ணப்பிக்கும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது படித்துப் பாருங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு முகாமைப் பாருங்கள்.

உங்கள் பக்கத்திலும் அதே நேர்மை வேண்டும். பல அமைப்புகள் விசுவாச அறிக்கையில் கையெழுத்தும், போதகர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் கேட்கும். நம்பாததை நம்புவதாகக் கையெழுத்துப் போடாதீர்கள். வகுப்பு எடுக்க மட்டும் ஆள் தேடும் முகாம்களும் உண்டு. உங்கள் நிலையை முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிட்டால், இரவுக் கலந்துரையாடலை நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழாது.

சம்பளம் கிடையாது. விமான டிக்கெட் பெரும்பாலும் உங்கள் செலவு, சில அமைப்புகள் பங்கேற்புக் கட்டணமும் வாங்கும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். குறுகிய கால விசாவில் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். செக் பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் என்பதால் எல்லோரும் ஒரே சமயத்தில்தான் வரிசையில் நிற்பார்கள். அழைப்புக் கடிதத்தில் ஊதியமற்ற தன்னார்வப் பணி என்று எழுதச் சொல்லி, அதற்கு எந்த வகை விசா பொருந்தும் என்று தூதரகத்தில் எழுத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றுலா என்று சொல்லிக்கொண்டு போய் இறங்குங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இனி வகுப்பு. காலையில் இரண்டு பாடவேளைகள், குழுவுக்கு எட்டுப் பத்துப் பேர். முதல் நாள் சிறு நேர்முகம் வைத்துத்தான் பிரிப்பார்கள். ஆனாலும் கணினி விளையாட்டிலேயே ஆங்கிலம் கற்றுச் சரளமாகப் பேசும் பையனும், பெயரைச் சொல்லிவிட்டு மேசையைப் பார்க்கும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இலக்கணப் புத்தகத்தைப் பிரித்தீர்களோ, இருவரையும் இழந்தீர்கள். விடுமுறையில் வந்திருக்கிற பிள்ளைகள் அவர்கள். வாயைத் திறக்க ஒரு காரணத்தை உண்டாக்கித் தருவதுதான் உங்கள் வேலை.

எனக்குக் கைகொடுத்தவர் முகாமின் சமையல்கார அம்மாள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குச் செக் மொழி தெரியாது. உள்ளே பழம் வைத்து வேகவைக்கும் மாவுருண்டை ஒன்று அங்கே வழக்கம். அதைச் செய்யும் முறையை எனக்குக் கேட்டுச் சொல்லுங்கள் என்று குழுவைச் சமையலறைக்கு அழைத்துப் போனேன். மாவை எவ்வளவு நேரம் பிசைவது, பழத்தில் கொட்டை இருக்கலாமா, தண்ணீர் கொதித்த பிறகு போடுவதா என்று நான் கேட்கக் கேட்க, பிள்ளைகள் இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். கணினிப் பையனுக்குப் பாலாடைக்கட்டிக்கும் ரவைக்கும் ஆங்கிலத்தில் பெயர் வரவில்லை. மேசையைப் பார்க்கும் பெண் மாவுக் கையோடு செய்துகாட்டியே விளக்கிவிட்டாள். அன்றிலிருந்து வகுப்பிலும் அவள் குரல் கேட்டது.

இன்னொன்று, உள்ளூர் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை 6 அங்கே பொது விடுமுறை. திருச்சபையின் ஊழலை எதிர்த்துப் பிரசங்கித்த ஜான் ஹஸ் என்ற குருவை 1415-இல் அதே நாளில், இன்றைய ஜெர்மனியில் உள்ள கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரித்தார்கள். கடவுள் இல்லை என்று சொல்லும் பிள்ளைகளுக்கும் அவர் கதை தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்களே சொல்லுங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். எரிக்கிறார்கள், எரித்தார்கள், எரிக்கப்பட்டார் என்று கடந்த காலத்தையும் செயப்பாட்டு வினையையும் அவர்களே ஒருவரையொருவர் திருத்திக்கொண்டு பேசினார்கள். ஏன் பின்வாங்கவில்லை அவர், நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று பேச்சு வளர்ந்தது. மாலைப் பிரசங்கத்தில் கொட்டாவி விட்டவர்களும் அதில் வாதாடினார்கள். மதத்தைப் பற்றிய பேச்சும் இப்படி அவர்கள் பக்கமிருந்து வரும்போதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. வகுப்பு நேரத்தை வகுப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டால், மற்ற நேரத்தில் அவர்கள் கேட்பதற்கு உள்ளதைச் சொல்லலாம்.

உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கர்களை எதிர்பார்த்து வந்த பிள்ளைகள் முதலில் கொஞ்சம் விழிப்பார்கள்தான். ஆனால் ஆங்கிலத்தை நாமும் பள்ளியில் படித்துக் கற்றவர்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் a, the போன்ற சிறு சொற்கள் செக் மொழியிலும் இல்லை, தமிழிலும் இல்லை. எங்கே இடறுவார்கள் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். வேகமாகப் பேசும் அமெரிக்கர் முன் வாய் திறக்காதவர்கள் என்னிடம் வந்து அரட்டை அடித்தார்கள்.

சிறுவர் பாதுகாப்பு விதிகளைச் சடங்காக எண்ணாதீர்கள். காவல்துறைச் சான்று கேட்பார்கள், கேட்காத முகாமுக்குப் போகாதீர்கள். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவதற்குப் பெற்றோர் அனுமதி வேண்டும்.

பெட்டியில் மழைச்சட்டை வையுங்கள், ஜூலையிலும் மலையில் குளிரும். கட்டடத்துக்குள் நடக்கத் தனிச் செருப்பு வேண்டும். வெளியே போட்ட காலணியோடு உள்ளே விடமாட்டார்கள். டார்ச் விளக்கும் அவசியம், காட்டுக்குள் நடக்கும் இரவு விளையாட்டில் ஆசிரியர்களுக்கும் விலக்கு கிடையாது.